என் பெயரில் இருந்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி எனக்குரியது அல்ல. ஒரு பொய்யைச் சொல்லி அதை என் பெயருக்கு ஆக்கிக்கொண்டேன். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் தம் காலை இழந்தார்... இழந்த பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிக்கும்போது என்மேல் உங்களுக்கு இரக்கம் வந்தால், தயவுசெய்து இந்த வரிகளுக்கே திரும்பி வாருங்கள்.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, மேற்கு மலையின் அடிவாரத்தில் எங்கள் ஊர். பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள்தான் ஊர் முழுவதும். கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. பட்டாவோ, சம்மனோ, கடிதமோ, ஊருக்குள் காகிதம் என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் படித்துச் சொன்னதுதான் அதில் எழுதியிருந்தது! நான் சொல்லாதது அதில் இல்லை. எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது.

பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவதற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. பாறைக்கு வைக்கும் வேட்டுச் சத்தம் பகலெல்லாம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பன்றிகள் கீழே இறங்குகின்றன என்று ஊரில் சொன்னார்கள். காரணம் எதுவானாலும் பன்றிகள் இறங்கின. மலையை ஒட்டி எட்டுக் குடும்பங்களுக்குச் சோளக்காடு இருந்தது. ஒரே இரவில் பாதிக் காடு உழுது போட்டதுபோல் கிடக்கும்.

அந்தக் காடுகளுக்குக் காவல் சவரிமுத்து அண்ணன். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான நெடிய மனிதர். அவருக்கும் அங்கே இரண்டு குறுக்கம் நிலம் இருந்தது. எல்லாருடையதற்கும் அப்பால், மலைக்காட்டை இடித்துக்கொண்டு. பன்றி முதலில் வாய் வைப்பது அவருடைய சோளத்தில்தான். ஒரு பரண், ஒரு தகரம், ஒரு கவண், இவைதான் அவருடைய ஆயுதங்கள்.

எட்டுக் குடும்பத்தாரும் கூடிப் பேசி, காவலுக்கு ஒரு துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்தார்கள். ஆயுதச் சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. மனு எழுதியவன் நான். ‘காவல்காரர் சவரிமுத்து பெயருக்கு’ என்றே எழுதினேன். அதை எழுதும்போது என் மனதில் ஒரு களங்கமும் இல்லை. இது சத்தியம். ஆனால் இந்தச் சத்தியத்தால் யாருக்கு என்ன பயன்?

கதிர் பிடிக்கும் நேரம். காட்டை விட்டுவிட்டு அவரால் வர முடியவில்லை. மாட்டு வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து, பெரியகுளம் தாலுகா கச்சேரிக்கு நான் மட்டும் போனேன்.

கச்சேரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். போடிப் பக்கத்துக்காரர். லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தவர், காட்டுவதற்காகத் தம் துப்பாக்கியையும் கொண்டுவந்திருந்தார். சிறிது நேரம் கழித்து என்னிடம் திரும்பினார்.

“கொஞ்சம் பிடிச்சுக்கிருங்க தம்பி. தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்.”

பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. ஆனால் அந்தக் கனம் கைக்குப் பாரமாக இல்லை. அடிக்கட்டை உள்ளங்கையில் வந்து பொருந்தியது, யாரோ என் கையை அளந்து செதுக்கியதுபோல. எண்ணெயும் கருமருந்தும் கலந்த ஒரு வாசனை. எதிரே நின்ற சேவகன் என்னைப் பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றான். அதுவரை எந்தச் சேவகனும் எனக்காகத் தள்ளி நின்றதில்லை...

பெரியவர் வந்து வாங்கிக்கொண்டார். என் கைகள் வெறுமையாகிவிட்டன. அந்த வெறுமையோடுதான் குமாஸ்தாவின் முன்னால் போய் நின்றேன்.

அவர் மனுவைப் படித்துவிட்டு, காவல்காரருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதனால் குற்றமில்லை, வந்து ஒரு கீறல் போடட்டும், சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தால் போதும் என்றார். தெளிவாகச் சொன்னார். தெளிவாகக் கேட்டேன்.

அதன்பின் என் வாய் சொன்னது: “என் பெயருக்கே எழுதிவிடுங்கள். ஊரில் அப்படித்தான் முடிவு.”

அவர் ஒரு பெயரின்மேல் கோடு இழுத்து, பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதினார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பாக இருந்தது!

ஊருக்குத் திரும்பியபோது கோவில் முற்றத்தில் கூடியிருந்தார்கள். சவரிமுத்து அண்ணன்தான் முதலில் கேட்டார்.

“கச்சேரியில என்ன சொன்னாக வாத்தியாரே?”

“கையெழுத்துப் போடத் தெரிஞ்சவுகளுக்குத்தான் குடுப்பாகளாம் அண்ணே. அதான் எம் பேருக்குப் போட்டுட்டாக.”

யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவார்கள்? காகிதம் என்ன சொல்கிறது என்பதை நான்தானே அவர்களுக்குச் சொல்லி வந்தேன்! அண்ணன் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

“அப்ப பன்னியும் படிச்சவுகளுக்குத்தான் பயப்படுமாக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதுரையிலிருந்து துப்பாக்கி வந்தது. எட்டுக் குடும்பமும் சேர்ந்து வாங்கியது. ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வகை. என் வீட்டுச் சுவரில் இரண்டு முளை அடித்து அதை மாட்டினேன்.

ஏன் இதைச் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நாற்பது வருஷமாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொல்வதில் எனக்கு ருசி இருந்ததில்லை. விழுந்த புறாவைக் கையில் எடுத்தால் அதன் சூடு எனக்குப் பிடிக்காது. சமைத்து வைத்தாலும் இரண்டு துண்டுக்குமேல் தின்ன மாட்டேன். பிறகு எதற்காக?

மருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். தேங்காய் நாரை உருட்டி வைத்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நார் வைத்து, மறுபடியும் இடித்து... கடைசியில் பொறி தரும் ‘கேப்’ என்ற சின்ன மூடியைப் பொருத்த வேண்டும். இதில் அவசரப்பட முடியாது. இந்த வேலை நடக்கும் வரை என் மனதில் வேறு எதுவும் நிற்காது. அம்மாவின் இருமல் நிற்காது, பங்குச் சாமியாரின் கோபம் நிற்காது, என்னைவிட மந்தமாகப் படித்துவிட்டு மதுரையில் பெரிய வேலைக்குப் போன சிநேகிதனும் நிற்க மாட்டான்.

பிறகு குறி பார்ப்பேன். மூச்சை அடக்குவேன். உலகம் ஒரு புள்ளியாகச் சுருங்கும். ஜெபமாலை உருட்டிச் சொல்லும் ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தில் ஒரு நாளாவது அந்த ஒருமை எனக்கு வாய்த்ததுண்டா? இல்லை. தேவனே, இல்லை!

அப்புறம் அந்தச் சத்தம். பள்ளிக்கூடத்தில் நான் நாலு தடவை கத்தினால் ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கும். துப்பாக்கி ஒரே தடவை பேசினால் மேற்கு மலை பேசும், பிறகு கிழக்கு மலை பேசும். பள்ளத்தாக்கில் களை எடுப்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ‘வாத்தியார் சுடுறாரு’ என்பார்கள். அதைச் செய்தது என் ஒரு விரல்!

சுட வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டால் போதும். நான் சற்று உயரமாகிவிடுவேன். வைத்திருப்பதே ஒரு சுகம். அந்தச் சுகத்தை அறியாதவர்களுக்கு இதை விளக்க முடியாது. அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முதல் அறுப்பு முடியும் வரை காவலுக்கு ஒழுங்காகப் போனேன். அண்ணனுடன் பரணில் உட்காருவேன். இரண்டு வேட்டுப் போட்டால் பன்றிகள் ஓடிவிடும். ஊர் மகிழ்ந்தது. ஆனால் பரணில் குளிரும் கொசுவும் அதிகம், சுடுவதற்கு வாய்ப்புக் குறைவு. கண்மாய்க் கரையில் பகல் வெளிச்சத்தில் புறா சுடுவது வேறு. கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுக்குப் போவது குறைந்தது. துப்பாக்கியைக் கேட்டு ஆள் அனுப்பினால், லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்தால் இருவருக்கும் ஜெயில் என்பேன். அதற்கும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரம், சவரிமுத்து அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“கையெழுத்துன்னா எத்தன எழுத்து வாத்தியாரே?”

“உங்க பேருக்கு ஆறு.”

“ஆறுதானா? ஒரு கூட்டத்துல இருபது பன்னி வருது, அதையே இருட்டுல எண்ணிப்புடுறேன். ஆற எழுதிப்புட மாட்டேனா?”

உள்ளே வந்து மணலில் உட்கார்ந்தார். நான் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்? கவண் கல்லுக்குப் பழகிய அந்த விரல்கள் முதலில் எழுத்துகளை நொறுக்கின. தினமும் வந்தார். ஆறு வாரத்தில், மணலில் அவர் பெயர் முழுசாக, அழகாக நின்றது.

நான் சொன்னேன்: “எழுத்து கீழ எறங்கிப் போகுது அண்ணே. கச்சேரியில கோடு போட்ட மாதிரி இருக்கணும்பாக.”

அவர் குனிந்து பார்த்தார். இறங்காத எழுத்தைப் பார்த்து, இறங்கியிருப்பதாகவே கண்டார். என் சொல்லின் பலம் அது... இன்னும் பழகுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பரணில் இருக்கும் தகரத்தின்மேல் கரித்துண்டால் எழுதிப் பழகினாராம். அவர் மனைவி சூசையம்மா என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது: “பன்னி வந்தாக்கூடத் தகரத்தத் தட்ட யோசிக்கிறாக ஆத்தா. எழுதுனது அழிஞ்சுருமாம்ல.”

வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்ற வேண்டுமானால் அதுதான் சமயம். அந்த வருஷம் தாமும் பெரியகுளத்துக்கு வருவதாக அவர் வேட்டியைத் துவைத்துக் காயவைத்திருந்தார். இன்னும் ஒரு வருஷம் பழகட்டும், ஒரு தடவை தள்ளிவிட்டார்கள் என்றால் பிறகு எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றேன். அவர் சரியென்றார். நான் மட்டும் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். முதல் பொய் ஒரு கணத்தின் தடுமாற்றம் என்று வைத்துக்கொண்டாலும், இது அப்படி அல்ல. இதை வண்டியில் இரண்டு நாள் சுமந்துகொண்டு போனேன். இரண்டு நாள் சுமந்துகொண்டு வந்தேன்.

அடுத்த தை மாதம். கதிர் முற்றி நின்றது. சுரங்க வேலையில் இருந்த ஓவர்சியர் ஒருவர், நான் துப்பாக்கி வைத்திருப்பதைக் கேள்விப்பட்டு, மலை ஓடைக்குக் காட்டுக்கோழி சுடக் கூப்பிட்டிருந்தார். இரண்டு நாள். அப்படிப்பட்டவர்கள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதே பெரிய கௌரவமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சவரிமுத்து அண்ணன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“ஒத்தப் பன்னி ஒண்ணு வருது வாத்தியாரே. கூட்டமா வந்தாத் தகரச் சத்தத்துக்கு ஓடிரும். இது ஓடல. அங்கனயே நின்னு என்னையப் பாக்குது.”

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“இன்னும் நாலு நாள்ல அறுத்துருவோம். ரெண்டு ராத்திரிக்கு மட்டும் குடுங்க. போதும்.”

“சட்டம் இருக்கே அண்ணே. உங்க பேருல இல்லையே.”

“பேருதான் எழுதுவேனே, வாத்தியாரே. இந்தா பாருங்க.”

ஒரு குச்சியை எடுத்து, என் காலடியில், முற்றத்து மண்ணில் எழுதினார். நிதானமாக எழுதினார். எழுதி முடித்து எழுந்து நின்றார்.

நான் பார்த்தேன். கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. ஒரு எழுத்துக்கூட இறங்கவில்லை. என் மாணவர்களில் யாரும் அவ்வளவு திருத்தமாக எழுதியதில்லை.

“இன்னும் எறங்குது அண்ணே” என்றேன்.

அவர் காலால் அதை மெல்ல அழித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனார். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்! ஒரு வார்த்தை திட்டியிருந்தால், ஒருவேளை எடுத்துக் கொடுத்திருப்பேனோ... தெரியவில்லை. கொடுத்திருப்பேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மலை ஓடையில் அந்த இரண்டு நாளும் எப்படி இருந்தன என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனந்தமாக இருந்தன. இரண்டாம் நாள் காலையில், புதரிலிருந்து எழும்பிய சேவல் ஒன்றைப் பறக்கும்போதே வீழ்த்தினேன். ஓவர்சியர் என் முதுகில் தட்டினார். என் வாழ்நாளில் அதைவிட நல்ல குறி நான் வைத்ததில்லை. அந்த வேட்டின் எதிரொலி அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஏறக்குறைய அதே நேரத்தில்தான்...

விடியற்காலையில் பரணைவிட்டு இறங்கும்போது பன்றி அவரைத் தொடையில் குத்திக் கிழித்திருந்தது. நான் ஊருக்குள் நுழைந்தபோது கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். என் தோளில் துப்பாக்கி. கையில் சேவல். யாரும் என்னைக் குற்றமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. சுரங்க வேலைக்காரர்களுக்காகக் கூடாரம் போட்டிருந்த டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் புண் பழுத்து, இடது காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒழுங்கா எழுதியிருந்தா இப்பிடி ஆயிருக்குமா வாத்தியாரே? எங் கையிதான் வெளங்காம போச்சு.”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வேறு யாரும் கூடாரத்தில் இல்லை. நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன்.

சூசையம்மா குமுளிக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்குப் போனாள். இரண்டு குறுக்கமும் கைமாறிற்று. அண்ணன் கோல் ஊன்றி வந்து, பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பலாமா, பள்ளிக்கு அனுப்பலாமா என்று தயங்கும் எந்தத் தகப்பனையும் விடமாட்டார்.

“எழுத்து எறங்குனதுக்கு ஒரு காலு போச்சுப்பா எனக்கு. பிள்ளையப் படிக்க வையி.”

ஊரே அதைச் சொல்லத் தொடங்கியது. பக்கத்து ஊர்களிலும் சொன்னார்கள். என் பள்ளிக்கூடம் நிறைந்தது. இடம் போதாமல் சுவரை ஒட்டி ஒரு பத்திக் கூரை இறக்கினோம். பள்ளிகளைப் பார்வையிட வந்த பெரிய சாமியார் என்னைப் பலர் முன்னிலையில் பாராட்டினார். என் பொய், பிள்ளைகளின் வாயில் பாடமாயிற்று! அதை நான் எப்படித் திருத்துவது? திருத்தினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம் அல்ல, கோழைத்தனம். அப்போதே தெரியும்.

ஒவ்வொரு பாஸ்கா காலத்திலும் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ‘பொய் சொன்னேன் சாமி’ என்பேன். எத்தனை தடவை என்று கேட்பார். மூன்று தடவை என்பேன். என்ன பொய் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் கொடுத்த மன்னிப்பு, நான் சொல்லாத பாவத்தின்மேல் எப்படி விழும்?

ஒரே ஒரு தடவை முயன்றேன். அண்ணனும் நானும் கூடலூர்ச் சந்தையிலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அதற்குள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

“அண்ணே, அந்தக் கச்சேரி விஷயம்...” என்று தொடங்கினேன்.

“விடுங்க வாத்தியாரே. நீங்களும் எம்புட்டோ சொல்லிக் குடுத்தீக. எனக்குத்தான் ஏறல.”

நான் விட்டுவிட்டேன். விட்டதும் நெஞ்சு லேசாயிற்று என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அதன்பின் மூன்று வருஷத்தில் அவர் போய்விட்டார். அடக்கத்தின்போது கோவிலில் வாசகம் படித்தவன் நான்.

அவர் கால் போன பிறகாவது துப்பாக்கியைத் தொடாமல் இருந்திருப்பேன் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். இல்லை. ஒரு மாதம் தொடவில்லை. உயிர்ப்புத் திருநாள் வந்தது. கோவில் முன்னால் வேட்டுப் போடச் சொன்னார்கள், போட்டேன். மலை பதில் சொன்னது. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. கண் மங்கும் வரை, இருபத்தெட்டு வருஷம், என் பெயரிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது என்னிடம் இல்லை. கச்சேரியில் ஒப்படைத்துவிட்டேன். ஆனால் மேற்கே, மலைக்குள், யாராவது சுடுவது அவ்வப்போது கேட்கும். கேட்டதும் என் வலது தோள் தானாக முன்னால் நகர்கிறது. மூச்சு நிற்கிறது. அதன் பிறகுதான் சவரிமுத்து அண்ணன் நினைவுக்கு வருகிறார், கட்டிலில், இரத்தத்தோடு.

முதலில் தோள், பிறகு அவர். எவ்வளவு ஜெபித்தும் இந்த வரிசையை என்னால் மாற்ற முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய நேரம் இருக்கிறது... அந்த நேரத்தில் நான் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன்.